தண்ணி ஓடுது, பிறகேன் கொதிக்குது?

நெடுந்தீவில் எந்த மின்சாதனம் படுத்தாலும் முதற்பழி கறண்டுக்குத்தான். பண்ணைப் பாலமும் வாணர் பாலமும் இருப்பதால் வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஆகிய இடங்களுக்கு மின்கம்பி தரைவழியே வந்துவிடுகிறது. கடல் குறுக்கே நிற்கும் நயினாதீவு, அனலைதீவு, நெடுந்தீவுக்கு டீசல் ஜெனரேற்றர்தான் கதி. அது தளம்பும், நினைத்த நேரத்தில் நிற்கும். ஆகவே பிறிட்ஜ் நின்றாலும் 'வோல்ற்றேஜ் காணாது', ரிவி புகைந்தாலும் 'வோல்ற்றேஜ் கூடிப்போச்சு'. பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனால்தான் மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

நான் சொல்ல வருவது அந்த மற்றப் பாதியைச் சேர்ந்த ஒரு கொம்பியூட்டரின் கதை. போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். யாழ்ப்பாண நகரத்தில், ஸ்ரான்லி வீதியில் ஒரு சிறிய கடையில் கொம்பியூட்டர் திருத்திக்கொண்டிருந்தேன். நெடுந்தீவில் ஒரு தங்கச்சி போட்டோக்கொப்பிக் கடை நடத்தினா. அடையாள அட்டை விண்ணப்பம், சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு, கனடாவில் இருக்கும் மகனுக்குப் பிறப்புச் சான்றிதழை ஸ்கான் பண்ணி அனுப்புவது, பூப்புனித நீராட்டு விழாப் படங்களை அச்செடுப்பது என்று அந்தப் பக்கத்து ஆட்களின் கடுதாசி வேலை முழுவதும் அங்கே இருந்த ஒரே ஒரு கொம்பியூட்டரில் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த பழைய பென்ரியம் 4.

அது காலையில் கடிதம் ரைப் பண்ணும்போது ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியபின் படங்களைத் திறந்தால் மெல்ல மெல்ல இழுபட்டு, பட்டென்று நின்றுவிடும். எச்சரிக்கையும் இல்லை, நீலத் திரையும் இல்லை. கேட்டவர்கள் எல்லோரும் வைத்தியம் சொல்லியிருந்தார்கள். யூபிஎஸ் வாங்கி வைத்தாயிற்று. பவர் சப்ளை மாற்றியாயிற்று. வின்டோஸ் எக்ஸ்பியை அழித்துத் திரும்பப் போட்டாயிற்று. ரம்மைக் கழற்றி அழிறப்பரால் தேய்த்துப் பூட்டியும் பார்த்தாயிற்று. கடைசியில் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு மேசைப் பான் ஒன்றை நேராகப் பிடித்துவிட்டிருந்தார்கள். சோளகக் காலத்தில் அந்தப் பான் கொண்டுவந்து கொட்டியது காற்றைவிட உப்பும் புழுதியும்தான்.

"அண்ணை, திரும்பவும் நிண்டிட்டுது," என்று போன் வந்தபோது நான் ஒன்றே ஒன்று கேட்டேன். நின்றவுடன் போட்டால் ஓடுமா?

"இல்லை அண்ணை. போட்டவுடனை திரும்ப நிக்கும். ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து போட்டா ஓடும்."

கறண்டில் கோளாறு என்றால் தேத்தண்ணிக்காகக் காத்திருக்காது. ஆறவிட்டால் ஓடுவது சூட்டின் குணம். ஆனாலும் ஸ்ரான்லி வீதியில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எளிது. நெடுந்தீவுக்குப் போய் இறங்கியபின் 'அந்தச் சாமான் கடையில இருக்கு, எடுத்துக்கொண்டு வாறன்' என்று சொல்ல முடியாது. 776 பஸ் பிடித்துக் குறிகட்டுவான் போக வேண்டும், அங்கிருந்து சோளகம் விட்டால் ஒரு மணிநேரக் கடல். அதனால் தீவுக்குப் போகும் திருத்துநர் நோய் என்னவென்று கண்டுபிடிக்கும் முன்பே மருந்தைக் கட்டிக்கொண்டு புறப்பட வேண்டியிருக்கிறது. பையில் ஒரு கூலர் பான், தேமல் பேஸ்ற் குழாய், ஒரு பவர் சப்ளை, ஸ்குரூட்ரைவர்கள். எல்லாவற்றையும் பொலித்தீனால் இரண்டு தரம் சுற்றிக் கட்டினேன். கடல்தண்ணீர் பட்ட மதர்போட்டை எந்தத் தெய்வத்தாலும் மீட்க முடியாது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் போகிறவர்கள் நயினாதீவுப் படகுக்கு. வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்களும் பட்டுச் சேலைகளும் அங்கே ஒரே வரிசையில் நெருக்குப்படும். மற்றது நெடுந்தீவுக் கூட்டம். அவர்களிடம் சீமெந்துப் பை, மரக்கறிக் கூடை, காஸ் சிலிண்டர். அந்தப் பாதையில் ஓடிய குமுதினி என்ற படகில்தான் 1985 மே 15ஆம் திகதி பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே குமுதினி திருத்தப்பட்டுப் பிறகும் பல வருடங்கள் அந்தக் கடலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. பழுதான ஒன்றை எறியாமல் ஓட்டும் பழக்கம் இந்தத் தீவு ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராயத் தேவையில்லை. 1990களின் பொருளாதாரத் தடையில் மோட்டச்சைக்கிளைக் கொஞ்சம் பெற்றோலால் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள், சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டவர்கள்.

கடையில் நான் முதலில் செய்தது பயோஸ் திரையைத் திறந்ததுதான். வின்டோசுக்குள் போகாமலே புரொசெசரின் வெப்பநிலையை அங்கே பார்க்கலாம். 58 பாகையில் தொடங்கியது. பார்த்துக்கொண்டிருக்கவே 64, 70, 77. எதுவும் செய்யாமல் சும்மா நிற்கிற ஒரு கொம்பியூட்டருக்கு இது கொள்ளாத சூடு. பான் நல்ல வேகத்தில் சுற்றியது. புழுதி படிந்திருந்தது, ஆனால் காற்று போகாத அளவுக்கு இல்லை.

பிறகு, ஓடிக்கொண்டிருந்த கூலரின் அலுமினியத் தகட்டில் விரலை வைத்தேன். சூடு இல்லை. திரை 80 தாண்டிவிட்டது என்கிறது, புரொசெசருக்கு நேர்மேலே இருக்கும் தகடு விரலுக்குச் சாதாரணமாகப் படுகிறது. வெப்பமானி பொய் சொல்லக்கூடும். ஆனால் கொம்பியூட்டர் உண்மையாகவே நிற்கிறதே.

அப்போது கடையில் கொப்பி எடுக்க ஒரு பெரியவர் நின்றார். லோஞ்ச் எஞ்சின் திருத்துகிறவர். ஊரே அவரை மெக்கானிக் ஐயா என்றுதான் கூப்பிட்டது. படகுப் பத்திரத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உந்தப் பான் சுத்துதோ?"

"சுத்துது ஐயா."

"தகடு சுடுதோ?"

"இல்லை."

"அப்ப என்னெண்டு கொதிக்குது?" அவர் பத்திரத்தை மேசையில் வைத்தார். "எங்கட எஞ்சினிலயும் உது வரும். தண்ணி ஓடும், ஆனா எஞ்சின் கொதிக்கும். வெளியில வாற தண்ணியைத் தொட்டுப் பார்த்தா பச்சையாக் கிடக்கும். தண்ணி சூடேறாம வந்தா அது சூட்டைத் தொடேல்லை. உள்ளுக்கை உப்புப் படிஞ்சு நடுவில நிக்குது. இதிலயும் நடுவில என்னவோ நிக்குது, பார்."

கொம்பியூட்டர் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் அந்த நேரத்தில் இருக்கவில்லை. சூடு ஒரு பக்கம், குளிர்ப்பது மறுபக்கம், இரண்டும் தங்கள் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் ஒன்றையொன்று தொடவில்லை என்றால் நடுவில்தான் பார்க்க வேண்டும். நான் பையில் சுமந்து வந்த பானாலும் பவர் சப்ளையாலும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதை அவர் முதற்பார்வையிலேயே முடிவு செய்துவிட்டார்.

நடுவில் நின்றது காற்று. அலுமினியத்தோடு பார்த்தால் காற்று வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புரொசெசரின் உலோக மூடியும் கூலரின் அடிப்பக்கமும் கண்ணுக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தப் பள்ளங்களை நிரப்பத்தான் தேமல் பேஸ்ற். அதைப் பூசினால் குளிரும் என்று நினைத்து ரொட்டிக்கு மாஜரின் போல அப்புகிறவர்கள் உண்டு. பேஸ்ற் உலோகத்தைவிட மோசமான கடத்தி, காற்றைவிட மேல் என்பது மட்டும்தான் அதன் பெருமை. ஆகவே மெல்லிசாக இருக்க வேண்டும், மெல்லிசாக இருப்பதற்கு இரண்டு உலோகமும் ஒன்றையொன்று அழுத்த வேண்டும். அந்த அழுத்தம் கூலரின் கால்களில் இருந்து வருகிறது.

கூலரைத் தூக்கியபோது தடயம் அச்சடித்தாற்போல் இருந்தது. புரொசெசர் மூடியின் ஒரு விளிம்பில் பேஸ்ற் நசுங்கிப் பரவியிருந்தது. எதிர் மூலையில் பூசியபடியே, மேலே எதுவும் பட்ட அடையாளமின்றி, காய்ந்து வெடித்துக் கிடந்தது. கூலர் ஒருபக்கம் சரிந்து, மயிரிழை இடைவெளியோடு இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். 2004 ஜூனில் இன்ரெல் கொம்பனி எல்ஜிஏ775 என்ற புதிய சொக்கெற்றைக் கொண்டுவந்தது. அதோடு வந்த கூலரை மதர்போட்டில் நிறுத்துவது நான்கு பிளாஸ்ரிக் ஊசிகள். வெள்ளை உறை ஒன்று மதர்போட்டின் துளைக்குள் போகும், அதற்குள் கறுப்பு ஊசியை அழுத்தினால் உறையின் நுனி விரிந்து அடிப்பக்கத்தில் கொளுவிக்கொள்ளும். ஸ்குரூட்ரைவர் வேண்டாம், தொழிற்சாலையில் ஒருவர் நொடியில் பூட்டிவிடலாம். கழற்றுவதற்குக் கறுப்புத் தலையை அதிலுள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பி இழுக்க வேண்டும், திரும்பப் பூட்டுமுன் பழைய நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது காரியத்தைத்தான் உலகம் முழுக்க ஆட்கள் செய்வதில்லை. அம்புக்குறி பூட்டும் திசையைக் காட்டுகிறது என்று நினைத்துத் திருப்பிவிடுகிறார்கள். ஊசி 'டிக்' என்று சத்தம்கூடப் போடும், ஆனால் கொளுவாது. என் கணிப்பில் இது பாவிக்கிறவரின் பிழை அல்ல. பூட்டியதா இல்லையா என்று மதர்போட்டைக் கழற்றி அடியில் பார்த்தால்தான் தெரியும் என்ற ஒரு பூட்டை வடிவமைத்தவர் கதிரையில் இருந்து வடிவமைத்திருக்கிறார்.

அதுவும் எப்படிப்பட்ட புரொசெசருக்கு! அந்தக் கடையில் இருந்தது பிரெஸ்கொட் வகை. 112 சதுர மில்லிமீற்றர் பரப்பில், அதாவது ஒரு சின்ன நகத்தின் அளவில், 12.5 கோடி ட்ரான்சிஸ்ரர்கள். அதன் வெப்பக் கணக்கு 84 வாட், அதே குடும்பத்தின் வேகமான உருப்படிகளுக்கு 115 வாட். பென்ரியம் 4ஐ இன்னும் இன்னும் வேகமாக்கும் ஓட்டம் கடைசியில் சூட்டில்தான் முட்டி நின்றது. 2004 மே மாதத்தில் அதற்கு அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற புரொசெசரை இன்ரெல் கைவிட்டு, ஒரே சில்லில் இரண்டு கோர் என்ற வழிக்குத் திரும்பியது. ஆக, அந்தக் காலத்தில் கொதிப்புக்குப் பேர்போன சில்லின் தலையில், நோஞ்சலான ஒரு பூட்டு.

ஆனால் அந்தச் சில்லு எரியாமல் இருந்ததற்கும் அவர்களைத்தான் பாராட்ட வேண்டும். 2001இல் ரொம்ஸ் ஹாட்வெயர் என்ற வன்பொருள் இதழ் ஒரு பரிசோதனையைப் படம்பிடித்து வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் புரொசெசர்களின் மேலிருந்து கூலரைக் கையால் பிடுங்கினார்கள். ஏஎம்டியின் அத்லோன் புகைந்து செத்தது. பென்ரியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஆமை நடையில் ஓடியது, கூலரை வைத்ததும் எழும்பியது. தங்கச்சியின் கொம்பியூட்டர் படங்களைத் திறந்ததும் இழுபட்டதன் காரணம் இதுதான். வின்டோசுக்கு வைரஸ் என்று அதை ஒருவர் சொல்லியிருந்தார். அது உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மூச்சை அடக்கியிருக்கிறது, அடக்க முடியாதபோது தன்னைத்தானே நிறுத்தியிருக்கிறது.

மதர்போட்டைப் பெட்டியிலிருந்து முழுவதுமாகக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தோம். யாரோ முன்பு தூசு தட்டக் கழற்றிப் பூட்டியிருக்கிறார். ஒரு ஊசி திருப்பப்பட்ட நிலையிலேயே கிடந்தது, கொளுவவே இல்லை. இன்னொன்றின் வெள்ளை உறையில் ஒரு கவ்வு முறிந்துபோயிருந்தது. வருடக்கணக்கான சூட்டில் அந்தப் பிளாஸ்ரிக் மற்ற ஊசிகளிலும் மொரமொரத்துப் போயிருந்தது. ஊசி மட்டும் தனியாகக் கடையில் விற்பதில்லை, முழுக் கூலர்தான் வாங்க வேண்டும். அது ஸ்ரான்லி வீதியில் இருக்கிறது. படகு அடுத்த நாள்.

"என்ன தடிப்பு ஓட்டை?" என்றார் மெக்கானிக் ஐயா.

நாலு மில்லிமீற்றர் இருக்கும் என்றேன். அவர் சொல்லிக்கொள்ளாமல் எழும்பிப் போனார். திரும்பி வந்தபோது ஒரு மீன்ரின் நிறையச் சாமான். அதிலிருந்து மூன்று மில்லிமீற்றர் துருப்பிடிக்காத போல்ற்றுகள், நட்டுகள், அகல வாசர்கள், சுருள் வாசர்கள் எல்லாம் வந்தன. கடற்கரை ஆட்களிடம் துருப்பிடிக்காத போல்ற் என்பது பவுண் மாதிரிப் பத்திரப்படும்.

கூலரின் நான்கு கைகளிலிருந்தும் பிளாஸ்ரிக் ஊசிகளைப் பிடுங்கி எறிந்தோம். அந்தத் துளைகளுக்கு அகல வாசர் மேலே. பிரச்சினை அடிப்பக்கத்தில்தான். மதர்போட்டின் அடியில் செப்புக் கோடுகள் ஓடுகின்றன, இரும்பு வாசர் அவற்றில் உரசினால் எல்லாம் முடிந்தது. ஐயா ட்ரக்ரர் ரியூப்பை வெட்டலாம் என்றார். றப்பர் சூட்டில் இளகி அழுத்தம் தளரும் என்று நான் மறுத்தேன். ஐஸ்கிறீம் டப்பாவின் மூடியை வெட்டி வட்டம் வட்டமாக எடுத்தோம். பழைய பேஸ்ற்றைத் துடைக்க ஸ்பிரிட் தேடியபோது தங்கச்சியின் அம்மம்மா ஓடிக்கொலோன் போத்தலோடு வந்தா. காய்ச்சலுக்கு ஆகிறது இதுக்கும் ஆகும்தானே என்பது ஆச்சியின் கேள்வி. வாசனை எண்ணெய் ஒரு படலம் விட்டுவிடும் என்று விளங்கப்படுத்தி, காயம் கழுவும் ஸ்பிரிட் கொஞ்சம் பக்கத்து வீட்டில் வாங்கினோம். ஆச்சிக்கு அதில் திருப்தியில்லை.

இறுக்கும் வேலையை நான் ஐயாவிடமே விட்டேன். எஞ்சின் ஹெட்டை இறக்கி வைத்து நட்டு இறுக்கும் முறை அவருடைய கையிலேயே இருந்தது. ஒரு மூலையில் அரைச் சுற்று, பிறகு அதற்கு எதிர் மூலையில் அரைச் சுற்று, பிறகு மற்றச் சோடி. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஹெட் சரியும், காஸ்கெற்றில் கசிவு வரும். இங்கேயும் அதே கதைதான், கசிவது சூடு. சாவி வேண்டாம், விரலால் மட்டும் என்று நான் சொன்னதற்கு முறைத்தார்.

"விரலாலை இறுக்கினது எந்தக் கடலில நிண்டிருக்கு?"

"இது கடலில போகாது ஐயா. கூட இறுக்கினா போட் வளைஞ்சு உள்ளுக்கை கோடு அறும்."

சுருள் வாசர் பாதி நசுங்கும்வரை என்று ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். அப்படி இறுக்கியபின் திரும்பவும் கழற்றச் சொன்னேன். பூட்டியதைக் கழற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கழற்றியபோது பேஸ்ற் மூடி முழுவதும் ஒரே மாதிரி, அடியிலுள்ள உலோகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பரவியிருந்ததைக் கண்டதும் முகம் மாறியது. புதிதாகக் கொஞ்சம் வைத்து, அதே ஒழுங்கில் மீண்டும் இறுக்கினார்.

பயோஸில் 52 பாகையில் வந்து நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. இப்போது தகட்டில் விரல் வைத்தால் சுட்டது. கடையில் நின்ற எல்லோரும் ஒவ்வொருவராக வந்து அந்தத் தகட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். சுடுவதைக் கண்டு சந்தோசப்பட்ட கூட்டம் அது. மேசைப் பானை ஆச்சி தன் கட்டிலுக்குக் கொண்டுபோனா.

பல வருடங்கள் கழித்து, 2021இன் கடைசியில் இன்ரெலின் பன்னிரண்டாம் தலைமுறைப் புரொசெசர்கள் எல்ஜிஏ1700 சொக்கெற்றோடு வந்தபோது எனக்கு மெக்கானிக் ஐயாவின் மீன்ரின் நினைவுக்கு வந்தது. நீளமான அந்தச் சில்லைச் சொக்கெற்றின் பூட்டு நடுவில் மட்டும் அழுத்த, சில்லு வளைந்து, கூலர் முழுதாகத் தொடாமல் சூடு ஏறியது. ஜெர்மனியில் இகோர்ஸ் லாப் என்ற இதழ் 2022 ஜனவரியில் ஒரு வழி காட்டியது: பூட்டின் அடியில் நான்கு வாசர்கள், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு. சில பாகைகள் குறைந்தன. பிறகு தேமல் கிறிஸ்லி என்ற கொம்பனி அதே காரியத்துக்கு அலுமினியச் சட்டம் ஒன்றைச் செய்து விற்றது. யாழ்ப்பாணத்துக்கும் அது வந்தது. இறுக்கும் குறிப்பில் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக என்று இருந்தது.

தீவின் கறண்டும் மாறத் தொடங்கியிருக்கிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரிய ஒளியும் காற்றும் பற்றரியும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்திய நன்கொடையில் 2024 மார்ச் 1ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 1,700 கிலோவாட் சூரிய மின்சாரம், 530 கிலோவாட் காற்று. டீசல் பக்கபலமாக மட்டும் நிற்குமாம். கறண்டைப் பழிசொல்லும் வசதி போனால் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று பார்க்க ஆசை.

அன்றைக்கு ஐயா கூலி வாங்கவில்லை, தங்கச்சி அவருடைய கொப்பிக்குக் காசு வாங்கவில்லை. போகுமுன் அவர் தங்கச்சியிடம் நகப்பூச்சு, அதுதான் கியூட்டெக்ஸ், கேட்டு வாங்கினார். ஒவ்வொரு போல்ற் தலையிலிருந்தும் வாசர்வரை ஒரு சிவப்புக் கோடு. எஞ்சின் நட்டுகளில் அப்படித்தான் போடுவாராம். அதிர்வில் நட்டுத் திரும்பினால் கோடு முறிந்து காட்டிவிடும்.

"பிள்ளை, மாசத்துக்கு ஒருக்காத் திறந்து பார். கோடு நேர இருந்தா தம்பியைக் கூப்பிடாதை. படகுக் காசு மிச்சம்."

மழைக்காலம் தொடங்கியபிறகு போன் வந்தது. கோடு நேராகத்தான் இருக்கிறதாம். பிரின்ரருக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறது, அதற்கு என்ன செய்ய என்று கேட்டா.